செல்லின் மதகு

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அதைத் தாண்டித் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? 19ஆம் நூற்றாண்டிலிருந்தே உடலியலாளர்களை விடாமல் துரத்திய கேள்வி இது. கொழுப்பின் ஊடாகக் கசிந்துதான் போகிறது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் சிவப்பணுவுக்குள் நீர் பாயும் வேகத்துக்கு அந்தக் கசிவு போதவில்லை.

1970இல் அமெரிக்காவின் ராபர்ட் மேசி ஒரு முக்கியமான தடயத்தைக் கண்டார். பாதரசச் சேர்மம் ஒன்றைச் சேர்த்ததும் சிவப்பணுவுக்குள் நீர் புகும் வேகம் வெகுவாகக் குறைந்தது. பாதரசம் புரதங்களைப் பற்றிக்கொள்ளக்கூடியது. அப்படியானால் நீருக்கு வழிவிடுவது ஏதோ ஒரு புரதம். 1986இல் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் கியோர்கே பெங்கா, கதிரியக்கம் ஏற்றிய பாதரசச் சேர்மத்தைக் கொண்டு அந்தப் புரதத்தை மிக நெருங்கிவிட்டார். அவருடைய பங்கு இன்றும் உரிய அளவுக்குப் பேசப்படுவதில்லை.

அதே காலத்தில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரத்தவியல் மருத்துவர் பீட்டர் ஆக்ரே தேடியது வேறொன்றை: ஆர்எச் ரத்தப் பிரிவுக்குரிய புரதம். அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சிறிய புரதமும் வந்தபடி இருந்தது. வழக்கமான நீலச் சாயம் அதில் ஏறாததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இத்தனைக்கும் ஒரு சிவப்பணுவில் அது சுமார் 2 லட்சம் இருக்கிறது! சிறுநீரகத்திலும் இருந்தது. எதற்காக என்றுதான் தெரியவில்லை. நீருக்கான வழியாக இருக்குமோ என்று சொன்னவர் ஜான் பார்க்கர் என்ற மூத்த ஆய்வாளர்.

அதைச் சோதிக்கத் தவளை முட்டை கைகொடுத்தது. குளத்து நீரிலேயே கிடந்தாலும் ஊதிப்போகாத முட்டை அது. ஆக்ரேயின் சகா கிரிகரி பிரெஸ்டன், ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் அந்தப் புரதத்தை உருவாக்கும் ஆர்என்ஏவை ஊசியால் செலுத்தினார். சில நாள் கழித்து, உப்பு குறைந்த நீரில் இட்டார்கள். ஊசி போட்ட செல்கள் கண்ணெதிரே உப்பி, சில நிமிடங்களில் வெடித்தன. மற்றவை அப்படியே கிடந்தன. பாதரசம் சேர்த்தால் வேகம் தணிந்தது. 1992இல் வெளியான இந்தச் சோதனை பழைய விவாதத்தை முடித்துவைத்தது. அக்வாபோரின் என்று பெயரும் வந்தது. 2003இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது.

2000இல் அதன் வடிவம் தெரிந்தது: நடுவில் இடுங்கிய ஒரு துளை. நீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில், நொடிக்குச் சுமார் 300 கோடி வீதம் பாய்கின்றன, புரோட்டான்களுக்கோ வழியில்லை. அவையும் நுழைந்தால் செல்லின் ஆற்றல் ஏற்பாடே குலைந்துவிடும்.

மனித உடலில் இப்படி 13 வகைகள். சிறுநீரகத்தின் இரண்டாம் வகை, வாசோபிரசின் ஹார்மோன் சொல்லும்போது சவ்வுக்கு நகர்ந்து நீரை மீட்கும். மரபணுக் கோளாறால் அது கெட்டால், நோயாளி நாள்தோறும் பல லிட்டர் சிறுநீர் கழிப்பார்.

மூளையில் இருப்பது நான்காம் வகை. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா நோயில், உடலின் எதிர்ப்பொருள் குறிவைப்பது இதைத்தான் என 2005இல் வாண்டா லெனன் குழு கண்டறிந்தது. முன்பு இந்நோயை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கருதி மருந்து கொடுப்பது உண்டு. அம்மருந்துகளில் சில இந்நோயை மோசமாக்கக்கூடியவை. இன்று பெரும்பாலானோருக்கு ஒரு ரத்தப் பரிசோதனையே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.