முகூர்த்தம் முடிஞ்சு வந்த மேளக்காரர்

குரல் அரட்டை செர்வரில் பேசும்போது எதிராளி குரல் வெட்டி வெட்டி வந்தால், பொட்டி தட்டும் நாமெல்லாம் என்ன செய்வோம்? கறுப்புத் திரையைத் திறந்து பிங் அடிப்போம். அது 'இழப்பு 0%' என்று சொல்லும். குரலோ இன்னமும் விக்கிக்கொண்டிருக்கும். பாக்கெட் தொலையவே இல்லையே, அப்புறம் பேச்சு எங்கேதான் போச்சு? இந்தக் கேள்விக்கு வயசு ஐம்பதைத் தாண்டிடுச்சு மக்களே.

டேனி கோஹன் என்று ஒரு மனுஷர். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐ.எஸ்.ஐ. ஆய்வகத்தில் இருந்தவர். 1973-ல் ஆர்ப்பாநெட் மேல் பேச்சை அனுப்பிப் பார்க்க இறங்கினார். அந்த வலையின் லைன்களே 50 கிலோபிட்தான்! 1974 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸில் இருக்கும் லிங்கன் ஆய்வகத்துக்கும் நடுவே குரல் போய்ச் சேர்ந்தது.

சிக்கல் என்னன்னா, ஆர்ப்பாநெட் ரொம்ப நல்ல பிள்ளை. பாக்கெட் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பும், வரிசை மாறாமல்தான் கொடுக்கும். கோப்பு அனுப்ப இது அருமை. பேச்சுக்கு எமன். ஒரு துண்டு பிந்தினால், அதற்குப் பின்னால் ஒழுங்காக வந்ததெல்லாம் அதுக்காகக் காத்துக் கிடக்கும். தாலி கட்டியாச்சு, இனிமே மேளக்காரர் வந்து என்ன பண்ண? பிந்திய துண்டும் தொலைந்த துண்டும் காதுக்கு ஒண்ணுதான். அதனால் கோஹன் குழு கட்டுப்பாடில்லாத வகைப் பாக்கெட்டுகளைக் கையில் எடுத்தது. போனது போகட்டும், அடுத்தது சீக்கிரம் வரட்டும்.

அப்போது டி.சி.பி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. இது பேச்சுக்கு ஆகாது என்று கோஹன் விடாமல் வாதாடினார். 1978-ல் மூட்டையைப் பிரித்தார்கள். பாக்கெட்டை நகர்த்த மட்டும் ஐ.பி., தொலைந்ததைத் திருப்பி அனுப்ப டி.சி.பி. அவசரக்காரர்களுக்காக ஜான் போஸ்டல் 1980-ல் எழுதிய யு.டி.பி. விவரக்குறிப்பு வெறும் மூணே பக்கம். என்னைக் கேட்டால், இணையத்தின் தந்தைகளுக்கு விழுந்த மாலையில் இன்னும் ஒன்றாவது கோஹன் கழுத்துக்குப் போயிருக்கணும்.

மம்பிள் மென்பொருளில் ஒருவரின் தகவல் பெட்டியைத் திறந்தால் நல்லபடி வந்தது, பிந்தி வந்தது, தொலைந்தது என்று தனித்தனியாக எண்ணிக் காட்டும். எனக்குப் பிடித்த இடம் இது. கோஹன் சொன்னது அப்படியே அங்கே இருக்கு. தொலைந்தது கம்மி, பிந்தியது எகிறுது என்றால் வைஃபையை விட்டுவிட்டு கேபிளைச் செருகிப் பாருங்க, இல்லைன்னா ஜிட்டர் பஃபரைக் கொஞ்சம் கூட்டுங்க. யு.டி.பி.யை ஃபயர்வால் அடைத்துவிட்டால் மம்பிள் டி.சி.பி.க்குத் தாவும். இழப்பு பூஜ்யமாகும், பேச்சு இழுக்கும். பழைய ஆர்ப்பாநெட் கதையேதான்.

ரெண்டு நோய்க்கும் மூலம் பெரும்பாலும் ரூட்டரில் நிற்கும் க்யூ. க்யூ நீண்டால் பிந்தும், நிரம்பினால் தொலையும். 1986 அக்டோபரில் பெர்க்லியில் வெறும் 400 கஜத் தொலைவில் இருந்த ரெண்டு இடங்களுக்கு நடுவே வேகம் 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. (கிலோ இல்லை, வெறும் 40!) அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன்தான் டிரேஸ்ரூட்டையும் எழுதினவர். அதைப் பார்க்கும்போது ஒண்ணு கவனிக்கணும். நடு ரூட்டர் ஒன்றில் மட்டும் இழப்பு தெரிந்து, அடுத்தடுத்ததில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். அந்த ரூட்டருக்கு நமக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான்.

பிங் பிறந்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வகத்தில் மைக் மூஸ் என்பவர், மக்கர் பண்ணிய ஒரு வலையைச் சோதிக்க ஒரே ராத்திரியில் எழுதினார். சுமார் ஆயிரம் வரி. முதல் பிங் கிளம்புவதற்குள் யாரோ பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள் :-)