பதற்றநோயும் அக்குபங்சரும்: 2003ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவன அறிக்கை குறித்த ஒரு மறுவாசிப்பு

பதற்றநோய்க்கு அக்குபங்சர் பயன்படும் என்று வாதிடுவோர் பெரிதும் சார்ந்து நிற்பது, கட்டுப்பாட்டு ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையையே ஆகும். அவ்வறிக்கை இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்துவிட்டது என்பது ஒரு சாராரின் முடிபு. அதன் நோய்ப்பட்டியலில் பதற்றநோய் என்னும் பெயரே இல்லையாதலால் அறிக்கை இதுபற்றிப் பேசவேயில்லை என்பது மறுசாராரின் முடிபு. இரு சாராரும் நோய்ப்பெயரை மட்டுமே தேடிப் படித்துள்ளனர். பதற்றநோயின் கூறுகள் அப்பட்டியலில் வேறு தலைப்புகளின்கீழ்ச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் படித்தால் கிடைப்பது ஒப்புதலுமன்று, மௌனமுமன்று, நிபந்தனையோடு கூடிய ஒரு கூற்று.

அறிக்கை நோய்களை நான்கு தொகுதிகளாகப் பிரிக்கிறது. பயன் மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளும் முதல் தொகுதியின் 28 இனங்களுள் மனச்சோர்வு உண்டு, பதற்றநோய் இல்லை. பயன் காணப்பட்டாலும் மேலும் சான்று வேண்டும் என்னும் இரண்டாம் தொகுதியிலோ, இதயத்தில் குறை இல்லாமலே படபடப்பும் நெஞ்சுவலியும் தோன்றும் இதய நரம்புக் கோளாறு, தூக்கமின்மை, போட்டிக்காலத்து மன இறுக்கம் ஆகிய மூன்றும் தனித்தனியே இடம்பெறுகின்றன. இது தற்செயலாகத் தோன்றவில்லை. சீன மருத்துவ மரபு பதற்றத்தைத் தனி நோயாக வகுக்காமல், படபடப்பு, உறக்கக் கேடு, மனப்புழுக்கம் எனப் பகுத்து, இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் இயக்கச் சமன் குலைந்த நிலைகளாகவே காண்கிறது. மணிக்கட்டு மடிப்பிலுள்ள ஷென்மென், முன்கையின் உட்புறத்திலுள்ள நெய்குவான் ஆகிய புள்ளிகள் படபடப்புக்கும் உறக்கமின்மைக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் இதனோடு பொருந்துகிறது. ஆந்திரம், கருநாடகம், தமிழகம் மூன்றும் சந்திக்கும் குப்பம் போன்ற ஊர்களில் பதற்றநோயாளி முதலில் சொல்வது அச்சத்தை அன்று. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வரவில்லை, வயிற்றைப் பிசைகிறது என்பதையே. எனவே அறிக்கையின் சிதறிய தலைப்புகள் இவ்வட்டார நோயாளியின் முறையீட்டுக்கு எதிர்பாராத அளவு நெருக்கமானவை.

இவ்வாசிப்புக்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை மனச்சோர்வு குறித்த சீன ஆய்வுகளிலிருந்து வருவது. ஊசி வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் முறையை அமிட்ரிப்டிலின் என்னும் மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்ட அவ்வாய்வுகளுள் ஒன்றில், உடல்வழி வெளிப்படும் பதற்றக் கூறு மின்னூசி முறையில் கூடுதலாகத் தணிந்ததாகக் கூறப்படுகிறது. ஆயினும் அது மனச்சோர்வு நோயாளிகளிடம் கண்ட ஒரு துணை அளவீடு. அதைப் பதற்றநோய்க்கான முதல் தொகுதிச் சான்றாக உயர்த்துவது அறிக்கையே செய்யாத செயல். மேலும், சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் ஏறத்தாழ அனைத்துமே சாதகமான முடிவையே தருகின்றன என ஆய்வாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸ் முதலானோர் 1998இலேயே சுட்டியிருக்க, 1990களின் இறுதி வரையிலான ஆய்வுகளைத் திரட்டிய இவ்வறிக்கையை அந்த எச்சரிக்கையின்றிப் படிக்க இயலாது. தொன்மையான வழக்கே சான்றாகும் என்னும் வாதத்துக்கு இங்கு இடமில்லை. நெடுங்கால வழக்கு நோயாளியின் நம்பிக்கையைக் காட்டும், சிகிச்சையின் பயனைக் காட்டாது.

பின்னர் வந்த ஆய்வுகள் இவ்வாசிப்புக்கு அரண் சேர்க்கின்றன. ஆய்வாளர் பில்கிங்டன் குழுவினர் 2007இல் செய்த முறைசார் மதிப்பீடு, அறுவைக்கு முந்தைய பதற்றத்தில் காதுப்புள்ளி அக்குபங்சருக்குச் சாதகமான, ஆனால் வரம்புக்குட்பட்ட சான்றுகளைக் கண்டது. நீடித்த பொதுப் பதற்றநோய்க்கோ போதிய சான்று காணவில்லை. அறிக்கை தனியே பெயர் குறித்த போட்டிக்கால இறுக்கமும் இவ்வாறு குறுகிய காலத்தில் எழுந்து அடங்குவதே. ஆகவே சூழல்வழிப் பதற்றத்துக்குக் கிடைத்த ஆதரவை நாட்பட்ட நோய்க்கு நீட்டுவதுதான் இத்துறையின் மையப் பிழை எனக் கருத இடமுண்டு. சிகிச்சையாளரின் கவனம், தொடுகை, அரைமணி நேர ஓய்வு ஆகியவை தாமாகவே பதற்றத்தைத் தணிக்கக்கூடியவை என்பதால், பொய் ஊசியோடு ஒப்பிடாத ஆய்வுகளின் மதிப்பு இந்நோயில் மேலும் குறைகிறது.

தமிழகத்தில் பரவியுள்ள, ஊசியின்றி ஒரு புள்ளியை விரலால் தொடும் முறைக்கு இவ்வறிக்கையைச் சான்று காட்டுவது சற்றும் பொருந்தாது. அறிக்கையின் சான்றுத்தளம் பெரிதும் ஊசி ஆய்வுகளால் ஆனது. சட்ட ஏற்பும் இவ்விடைவெளியை நிரப்பாது. மேற்கு வங்கம் 1996இலும் மகாராஷ்டிரம் 2015இலும் இயற்றிய அக்குபங்சர் சட்டங்களும், அதைத் தனி மருத்துவ முறையாக ஏற்ற 2019ஆம் ஆண்டு நடுவணரசு ஆணையும் தொழிலை ஏற்பவை அல்லது ஒழுங்குபடுத்துபவை. ஒரு குறிப்பிட்ட நோயில் அதன் பயனை அளந்தவை அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநல வல்லுநர் என்னும் வரையறைக்குள் சித்த மருத்துவத்தின் சிறப்பு மருத்துவ மேற்பட்டதாரியைச் சேர்த்துள்ளதே தவிர, அக்குபங்சர் பயின்றோரைக் குறிப்பிடவில்லை. குப்பத்து நோயாளிக்கு வேலூரும் பெங்களூரும் தொடர்வண்டித் தொலைவில் இருக்க, படபடப்புக்கு ஊசி போடுபவர் இதயத்தையும் தைராய்டையும் சோதிக்கச் சொல்வதும், நீடித்த பதற்றத்தில் மனநல மருத்துவரின் சிகிச்சையை நிறுத்தச் சொல்லாதிருப்பதுமே அறிக்கையின் இரண்டாம் தொகுதி அனுமதிக்கும் எல்லை.