இரண்டு கதவு ஹெரால்டா, ஃபியட்டா?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் ஊர். ராஜபாளையம் மில் ஊர், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அப்படித்தான். 1960களில் இந்த இரண்டு ஊர்களிலும் ஒரு வக்கீலோ டாக்டரோ மில்காரரோ புதுக் கார் வாங்க நினைத்தால், லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் பெரும்பாலும் மூன்றே பெயர்கள்: அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு. அம்பாசடரை இங்கே விட்டுவிடுவோம். பழைய வண்டி சேர்ப்பவர்கள் இன்று வாதாடுவது மற்ற இரண்டையும் வைத்துத்தான்.

ஃபியட் 1100 இத்தாலியில் பிறந்து, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த வண்டி. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்கை ஒட்டியே கியர். 1974இல் பத்மினி என்ற பெயர் வந்தது, 2000 வாக்கில்தான் உற்பத்தி நின்றது. அதனால் இன்றும் உதிரி பாகம் கிடைக்கும். கை வைக்க மெக்கானிக்கும் கிடைப்பார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை வேறு. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. வேறு வழியின்றிப் பழையபடி தனிச் சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். டூரினைச் சேர்ந்த மிச்சலாட்டி உருவம் வரைந்தார். 1959 ஏப்ரலில் அந்தக் கம்பெனியின் டிரயம்ப் பெயரில் ஹெரால்டு கூப்பேயாகவும் சலூனாகவும் வெளிவந்தது. எஞ்சின் 948 சி.சி.தான். ஆனால் பானட்டும் மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும்; 25 அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலைச் சுற்றிய குறுகலான சந்துகளில் அதன் அருமை தெரியும்.

பாடி செய்ய ஆள் கிடைக்காத அந்த நெருக்கடிதான் நமக்கு வரமாயிற்று. துண்டுகளாகப் பிரிந்த வண்டியைப் பெட்டியில் கப்பலேற்றி எங்கும் பூட்டலாம். 1948இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. கூப்பே நமக்கு வரவில்லை. இரண்டு கதவு சலூன்தான் வந்தது. முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவது பெரியவர்களுக்குப் பெரும்பாடு. 1968இல் நான்கு கதவு வந்ததும் இரண்டு கதவின் காலம் முடிந்தது.

சேர்ப்பவர்களுக்கு என் கருத்து: வாங்கினால் இரண்டு கதவு ஹெரால்டை வாங்குங்கள். ஃபியட்டில் கதவுக்குக் கீழுள்ள தகடு துருவேறினால் வண்டியின் உடம்பே தளரும், ஏனென்றால் அதற்குத் தனிச் சேசிஸ் இல்லை. ஹெரால்டில் அழுகிய துண்டை மட்டும் கழற்றிச் சரிசெய்யலாம். பிரிட்டனிலிருந்து வரவழைக்கும் டிரயம்ப் பாகங்களும் பெரும்பாலும் பொருந்தும். நான்கு கதவு வண்டியின் பின்கதவுக்கு அந்த வசதி இல்லை, அது இந்தியாவில் மட்டும் செய்தது. ஆனால் விலை பேசும் முன் வண்டியைத் தூக்கி, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பையும் அது தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஐம்பது வயது கடந்த, பெரிதாக மாற்றாத வண்டிக்கு 2021 விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குத் தினமும் அதிலேயே போய்வர நினைப்பவர், விண்ணப்பிக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்.