கண்காணிக்கும் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது? – காசிமேடு முதல் எண்ணூர் வரை

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை அந்தத் தலைமுறையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கதையில் நாய்க்குட்டியை விட முக்கியமானவர் ஒருவர் உண்டு. அவர் நாட்டை ஆளும் ஜீவா. குடிமக்களின் பெயர் எப்படி இருக்க வேண்டும், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா, எத்தனை வயது வரை வாழலாம் என்று எல்லாவற்றையும் அவருடைய அரசு தீர்மானிக்கும். கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது. அது வெறும் ஒளிப்பிம்பம்! (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.)

மக்கள் அத்தனை பேரும் அரசுக்குத் தெரிகிறார்கள். ஆள்வது யார் என்பது மட்டும் மக்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கதை விடுத்த எச்சரிக்கையின் சாரம் இதுதான்.

1949-ல் வெளிவந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலிலும் இதே நிலைதான். கட்சி உறுப்பினர்களின் வீட்டுச் சுவரில் ஒரு திரை. அது படம் காட்டும், கூடவே வீட்டில் இருப்பவரையும் பார்க்கும். ஆனால் எந்த நேரத்தில் யார் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. இந்த நாவல்களைப் பற்றிப் பேசும்போது நாம் கேமராவைத்தான் நினைத்துக்கொள்கிறோம். கண்ணாடி ஒரு பக்கம் மட்டுமே தெரிவது என்ற இன்னொரு பாதியை மறந்து விடுகிறோம். அந்த மறந்த பாதியைப் புரிந்துகொள்ள வடசென்னையை விடச் சிறந்த இடம் கிடையாது.

ரேகையில் தொடங்கிய கதை

அதற்கு முன் கொஞ்சம் பழைய வரலாறு. ஆர்வெல் பிறந்தது பீகாரில் உள்ள மோதிஹாரியில், 1903-ல். 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் போலீஸ் அதிகாரியாக வேலை பார்த்தார். மக்களைக் கண்காணிக்கும் அரசு எப்படி இயங்கும் என்பதை அவர் கற்பனையில் மட்டும் கண்டவர் அல்ல, அதில் சம்பளம் வாங்கியவர்.

ஆளை அடையாளம் காணும் நவீன முறைகளில் ஒன்றான கைரேகைப் பதிவு வளர்ந்ததும் நம் நாட்டில்தான். 1858-ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி ஒப்பந்தப் பத்திரத்தில் கைப்பதிவு வாங்கிப் பார்த்தார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்த முறைக்கு வைக்கப்பட்ட பெயர் என்னவோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான். 1901-ல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் யார் மீது பாய்ந்தது? 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. எத்தனை பொருத்தமான பெயர் பாருங்கள்! குற்றம் செய்தவரை அல்ல, பிறந்த சாதியைப் பார்த்து ரேகை எடுத்தார்கள். இரவில் ஆண்கள் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் இந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1947-ல்தான்.

பதிவேடு அரசிடம், ரேகை மக்களிடம். பதிவேட்டில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் வழி ரேகை வைத்தவருக்கு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு வடசென்னைக்கு வருவோம்.

காசிமேட்டுப் படகின் மேல் ஒரு கண்

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் நினைவிருக்கும். வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அந்த ஒரு சம்பவம் இந்தியாவின் மொத்தக் கடற்கரையையும் மாற்றியது. 2009 முதல் கடல் மீனவர்களுக்கு விரல்ரேகையுடன் கூடிய பயோமெட்ரிக் அடையாள அட்டை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. படகுகளுக்குப் பதிவு எண்ணும் மாநில வாரியாக வண்ணமும் வந்தன. இராயபுரம் காசிமேட்டில் வலை தைத்துக்கொண்டிருப்பவர் ஒரே நாளில் இரண்டு வேடம் ஏற்க வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் கடலோரப் பாதுகாப்பின் 'கண்ணும் காதும்' அவர்தான். இன்னொரு பக்கம் நடுக்கடலில் நிறுத்திச் சோதிக்கப்பட வேண்டியவரும் அவர்தான்!

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. குமரி, கேரள மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் செல்பேசி வேலை செய்யாது. எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. படகு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதை எந்த மீனவக் குடும்பமும் மறுக்காது.

அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகத்தான் இஸ்ரோ உருவாக்கிய செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் வந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று ஒரு லட்சம் படகுகளில் 364 கோடி ரூபாய் செலவில் இதைப் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. மீனவருக்குக் கருவி இலவசம். ஆபத்து என்றால் அதிலிருந்து செய்தி அனுப்பலாம். புயல் எச்சரிக்கை வரும். எல்லைக்கு அருகில் போனால் சொல்லும். மீன் கிடைக்கும் பகுதியையும் சொல்லும். இதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கருவியில் குறை இல்லை. அது சேர்க்கும் தகவல் எங்கெல்லாம் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சுருக்குமடி வலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை பிடிக்கலாம். ஆனால் படகில் கண்காணிப்புக் கருவி இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்களிடம் அடையாள அட்டை வேண்டும். கருவியின் குறியீட்டெண்ணை மீன்வளத்துறை, கடலோரக் காவல், கடலோரக் காவல்படை, கடற்படை நால்வருக்கும் தர வேண்டும். சுருக்குமடியால் கடல்வளம் அழிகிறது என்று சிறுபடகு மீனவர்களே போராடியவர்கள்தான். ஆகவே விதி தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. உயிர் காக்கும் துணையாக அறிமுகமான ஒரு தொழில்நுட்பம், கொஞ்ச காலத்தில் அனுமதிக்கு நிபந்தனையாகவும் ஆகிவிடுகிறது.

அந்தப் பதிவு மீனவருக்கும் கிடைக்குமானால் அவருக்கு அது பெரிய சாட்சி. "எல்லை தாண்டினாய்" என்று யாராவது பிடித்தால், "இதோ நான் இருந்த இடம்" என்று நீட்டலாம். அவர் கேட்டுப் பெற முடியாதது என்றால் அந்தப் பெட்டி அவருடைய படகில் இருக்கும் அடுத்தவருடைய சாட்சி. நாவலில் வரும் சுவர்த்திரைக்கும் கைவிளக்குக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

கரைக்கு வந்தாலும் இதே கதைதான். 2021-ல் கம்பேரிடெக் நிறுவனம் வெளியிட்ட கணக்கில், ஒரு சதுர மைலுக்கு எத்தனை சிசிடிவி கேமரா என்ற வரிசையில் டெல்லி, லண்டனுக்கு அடுத்து உலகில் மூன்றாவது இடம் சென்னைக்கு. அதே ஆண்டு அக்டோபரில் தமிழகக் காவல்துறை முகம் அறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தது. 2024 மே மாதம் அந்த மென்பொருளின் இணையவாசலுக்குள்ளேயே யாரோ புகுந்து தகவல்களை எடுத்துவிட்டார்கள். பூட்டுப் போட்டவர் வீட்டிலேயே திருட்டு!

எண்ணூரில் பார்க்காத கண்

இப்போது காசிமேட்டிலிருந்து வடக்கே போவோம். திருவொற்றியூர் தாண்டினால் எண்ணூர். எண்ணெய், உரம், அனல்மின், துறைமுகம் என்று வரிசையாகப் பெரிய நிறுவனங்கள். இங்கே கண்காணிக்கப்பட வேண்டியது யார்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பானது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனம் முதலில் தங்கள் குழாயில் கசிவு இல்லை என்றது. அந்த வளாகத்திலிருந்து வந்ததுதான் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

அந்த எண்ணெய்க் கறை காய்வதற்குள், அதே டிசம்பர் 26 நள்ளிரவில், கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தெருவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்த கருவி எது தெரியுமா? அவரவர் மூக்குதான்!

ஆலைகளுக்குக் கண்காணிப்பே இல்லை என்று சொல்வது சரியல்ல. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் புகை, கழிவுநீர் அளவை இணையம் வழியே தொடர்ந்து அனுப்பும் கருவிகளை வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-லேயே உத்தரவிட்டது. ஆனால் அந்தக் கருவியை வைப்பது ஆலை. பராமரிப்பது ஆலை. எண் போய்ச் சேருவது அலுவலகத்துக்கு. காற்றைச் சுவாசிப்பவர் மட்டும் அந்த வட்டத்தில் இல்லை.

ஆர்வெல் நாவலின் நாயகனுக்கு வேலை என்ன தெரியுமா? பழைய செய்தித்தாள்களைத் திருத்தி, நடந்ததை நடக்காததாக்குவது. அதுவும் இங்கே நினைவுக்கு வருகிறது. மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் கொடுத்த கடலோர வரைபடத்தில் எண்ணூர் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட பகுதி. 2017-ல் சூழல் ஆர்வலர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய வரைபடத்தில் கழிமுகத்தையே காணவில்லை! தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவர் இறால் பிடித்துக்கொண்டிருக்கிறார், காகிதத்தில் மட்டும் ஆறு இல்லை. பழைய வரைபடம் ஒன்று கையில் இருந்ததால்தான் இது வெளியே வந்தது.

ஒரு பக்கக் கணக்கு

வணிகவியல் படிக்கும் எந்த மாணவரும் முதல் வாரத்தில் கற்பது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே அல்ல. வடசென்னையின் கண்காணிப்புக் கணக்கில் ஒரு பக்கம் நிரம்பி வழிகிறது. ரேகை, முகம், படகின் இருப்பிடம் எல்லாம் அங்கே இருக்கின்றன. மறு பக்கம் வெற்றாகக் கிடக்கிறது. குழாயின் நிலை, காற்றின் அளவு, நிலத்தின் வரைபடம் எதுவும் அங்கே எழுதப்படவில்லை. ஒரு படகு 12 கடல்மைலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வானத்திலிருந்து சொல்ல முடிகிற நாட்டில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓடும் அம்மோனியாக் குழாய் விரிசல் விட்டதை அடுத்த தெருவுக்குச் சொல்ல ஒரு சங்கு இல்லாமல் போனது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பெரிய வெற்றி. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் 17-வது பிரிவு, மத்திய அரசு குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி மறுப்பது முன்னை விட எளிதாகிவிட்டது. பொதுநலன் பெரிது என்றால் தரலாம் என்ற விதி இன்னும் இருக்கிறது என்பது ஒரு ஆறுதல். காணாமல் போன கழிமுகத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

எதிர்காலத்தைப் பயங்கரமாகக் காட்டும் நாவல்களைப் படித்துவிட்டுக் கேமராவை உடைக்கக் கிளம்ப வேண்டியதில்லை. ஒக்கியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் "டிரான்ஸ்பாண்டர் வேண்டாம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்த நாவல்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சில கேள்விகளைத்தான். இந்தத் தகவல் யாரிடம் போகிறது? எத்தனை நாள் இருக்கும்? என்னைப் பற்றிய பதிவை நான் பார்க்க முடியுமா? என்னைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

காசிமேட்டுப் படகுக்காரர் தன் பெட்டியின் பதிவை அலுவலகத்தில் கேட்டு வாங்க முடிகிற நாளில், பெரியகுப்பத்துத் தெருமுனையில் காற்றில் எவ்வளவு அம்மோனியா என்று ஒரு பலகை தமிழில் காட்டுகிற நாளில், கண்காணிப்பு என்ற சொல்லுக்குப் பயப்படத் தேவை இருக்காது. அதுவரை எண்ணூர் மக்கள் இரவில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவதா, மூடி வைத்துத் தூங்குவதா என்று யோசித்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.