கோடீஸ்வரன் வழக்கும் விசாரணை உரிமையும்

இலங்கையின் மொழிப் பிரச்சினை வரலாற்றை எழுதுவோர் பாராளுமன்ற விவாதங்களையும் ஒப்பந்தங்களையும் கலவரங்களையும் விரித்துக் கூறுவர். அவ்வரலாற்றின் ஒரு பகுதி அலுவலக மேசையிலும் மாதச் சம்பளப் பட்டியலிலும் நிகழ்ந்தது என்பதை நம் மாணவருட் பலர் அறியார். செல்லையா கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் தமக்கு மறுக்கப்பட்ட ஒரு சம்பள ஏற்றத்துக்காக நீதி கேட்டுப் புறப்பட்டார். அவருடைய வழக்கு கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஆயினும் அவர் எழுப்பிய மூல வினாவுக்கு இறுதி விடை கிடைக்கவே இல்லை. தொழிலிடத்தில் பாரபட்சத்துக்கு உள்ளான ஒருவருக்கு விசாரணை என்பது எத்துணை அரிய பொருள் என்பதை இவ்வழக்குப் போல் விளக்குவது பிறிதொன்றில்லை.

சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் மிகச் சிறியது. எழுதுவினைஞர் எவருடைய சம்பளத்தைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. இடதுசாரிக் கட்சிகள் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரி அதனை எதிர்த்து வாக்களித்தன. அச்சட்டத்தை உத்தியோகத்தரின் அடுப்படி வரை கொண்டு சென்றது, 1961 டிசம்பர் 4ஆம் திகதி வெளிவந்த திறைசேரியின் 560ஆம் இலக்கச் சுற்றறிக்கை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் குறித்த காலத்துள் சித்தியடையாதோரின் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் கற்று, ஆங்கிலத்தில் போட்டிப் பரீட்சை எழுதி, 1956க்கு முன்னரே சேவையில் அமர்ந்தோரையும் அது விடவில்லை. கோடீஸ்வரன் அவர்களுள் ஒருவர். அவர் அப்பரீட்சைக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்பிரல் 1ஆம் திகதி அவருக்குச் சேரவேண்டிய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார்.

அவருடைய வாதத்துக்கு ஆதாரம் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. ஒரு சமூகத்தார்மீது மற்றச் சமூகத்தாருக்கு இல்லாத தடைகளைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றும், இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது என்றும் அப்பிரிவு கூறிற்று. அக்காப்பு ஏற்கெனவே ஒருமுறை சோதனைக்கு உள்ளாகியிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கியபோது, கோடக்கன்பிள்ளை என்பார் தொடர்ந்த வழக்கில் 29ஆம் பிரிவே ஆயுதமாயிற்று. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது அரசின் இயல்பான அதிகாரம் எனக் கூறி, 1953இல் பிரிவி கவுன்சில் அம்முறையீட்டைத் தள்ளியது. தோட்டத் தொழிலாளருக்கு உதவாத காப்பு எழுதுவினைஞருக்கேனும் உதவுமா என்பதே அடுத்த வினா.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெற்சர் உதவும் எனத் தீர்த்தார். மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது. ஆகவே அதனை ஊன்றி எழுந்த சுற்றறிக்கையும் செல்லாது என்பது அவர் முடிபு. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் வேறொரு வாயிலை அடைத்தது. முடியின் சேவகன் தன் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட உரிமையற்றவன் என்றது பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோவின் தீர்ப்பு. பாரபட்சம் உண்டா இல்லையா என்ற வினாவுக்குள் நீதிமன்றம் புகவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. இவ்விடத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அநீதி நிகழவில்லை என்று எவரும் நிறுவவில்லை. முறையிட்டவனுக்கு முறையிடும் தகுதி இல்லை என்றே கூறப்பட்டது. எழுதுவினைஞர் சிங்களவராயினும் தமிழராயினும் முஸ்லிமாயினும், அரசாங்க ஊழியர் அனைவரின் சம்பளமும் இத்தீர்ப்பால் அரசின் தயவாயிற்று.

1969 டிசம்பரில் பிரிவி கவுன்சில் இதனை மாற்றியது. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின்படி அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் எனத் தீர்த்து, அரசியலமைப்பு வினாவை விசாரிக்குமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. சம்பள ஏற்றம் நின்று ஏழரை ஆண்டுகள் கழிந்தபின் கோடீஸ்வரன் ஈட்டியது விசாரணை கோரும் உரிமை மட்டுமே.

அவ்விசாரணை நடைபெறவில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. ஏகாதிபத்தியத்தின் நீதிமன்றத்தைத் துறந்தது முற்போக்கான செயலே. ஆனால் 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவையும் துறந்தது. நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் ஆராயும் அதிகாரத்தையும் நீக்கியது. வழக்கின் அடித்தளம் மறைந்தது. அவ்வரசியலமைப்பை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய அமைச்சர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா 1956இல் மொழிச் சட்டத்தைத் துணிந்து எதிர்த்தவர். சம அந்தஸ்துக் கோரிய அதே கட்சிகள் 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியதும் வரலாறே. உழைப்பாளரை இன எல்லை கடந்து ஒன்றிணைக்க முனைந்த இயக்கம், ஓர் உழைப்பாளியின் சம்பள வழக்கைத் தன் வழக்காகக் கொள்ளத் தவறியமையால் வந்த இழப்பு அவ்வியக்கத்துக்கும் உரியது.

இன்றைய நிலை யாது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் முதலியவை காரணமாகப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. 126ஆம் உறுப்புரை உயர் நீதிமன்றத்தை நேரே நாடும் வழியைத் திறந்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இவை பெருமாற்றங்கள். எனினும் 80(3)ஆம் உறுப்புரையின்படி நிறைவேறிய சட்டத்தை இன்றும் எந்த நீதிமன்றத்திலும் வினவ இயலாது. கோடீஸ்வரன் இன்று வருவாராயின் சுற்றறிக்கையை எதிர்க்கலாம். சட்டத்தை எதிர்க்க முடியாது.

அன்றியும், மனுச் செய்வதற்குரிய காலம் ஒரே மாதம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியிலுள்ள தர்மபுரத்தை எடுத்துக்கொள்வோம். பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கிய மலையக மக்களின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் ஊர் அது. அங்குள்ள ஒரு சிற்றூழியருக்கு உயர் நீதிமன்றம் முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஒரு மாதத்துள் சட்டத்தரணியைத் தேடி, பணம் திரட்டி, கொழும்பை அடைவது அவருக்கு எளிதோ? ஆகவே 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவே அவருக்கு அண்மையிலுள்ள கதவு. வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டை இன்று இணையவழியாகவும் அனுப்பலாம். ஒரு மாதத்துள் முறையிட்டால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கிற் சேராது என்கிறது அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாட்டை ஒப்படைத்தமை மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததெனக் காட்டல் வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்குகள் உள. எனவே முறைப்பாட்டை அனுப்பியதோடு அமையாது, விசாரணைக்குத் திகதி குறிக்குமாறு எழுத்தில் கோரி, அதன் பிரதியையும் பதில்களையும் காத்துவைத்தல் இன்றியமையாதது. ஆணைக்குழு இறுதியில் விதந்துரைக்கவே வல்லது என்பதையும் மறத்தலாகாது.

தனியார் ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ உழைக்கும் பெண்ணுக்கு இவ்வழியும் குறுகியது. 12ஆம் உறுப்புரையின் பேரில் தொடுக்கும் வழக்கு அரசின் நிருவாகச் செயலுக்கு எதிரானதாகவே அமைதல் வேண்டும். தொழில் நியாய சபைகளோ பெரும்பாலும் வேலை பறிபோனபின் நாடும் இடங்கள். வேலையில் இருந்துகொண்டே, "எனக்கு வேறு நீதி ஏன்?" என்று கேட்பவளுக்குத் தொழிற்சங்கமே துணை.

கொவிட் பெருந்தொற்றின்போது 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் நீதிமன்ற நடவடிக்கைகளைத் தொலைத்தொடர்பு வழியே நடத்த இடமளித்தது. தூரம் வெல்ல முடியாத தடையன்று என்பதை அரசே அதன்மூலம் ஒப்புக்கொண்டது. தர்மபுரத்து ஊழியர் தம் ஊரிலிருந்தே, தம் மொழியிலேயே விசாரணைக்குத் தோன்ற நிலையான ஏற்பாடு வேண்டும். ஒரு மாத எல்லை நீட்டப்படவேண்டும். தனியார் துறையும் பாரபட்சத் தடைக்குள் வரவேண்டும். இவற்றைக் கோருவது ஆசிரியர் சங்கங்களினதும் மாணவர் மன்றங்களினதும் கடமை. வகுப்பறையில் 1956ஐக் கற்பிக்கும் நாம், கோடீஸ்வரன் வழக்கையும் அதனோடு சேர்த்துக் கற்பிப்போமாக. முறையிடும் உரிமைக்கே ஏழரை ஆண்டுகள் போராடவேண்டியிருந்த கதையை அறிந்த மாணவன், நாளை தன் முறைப்பாட்டுக்கு விசாரணை கேட்கத் தயங்கமாட்டான்.