அகக்கண்ணா, கைப்பழக்கமா?
பினோத் பிஹாரி முகர்ஜியை முன்வைத்து

1

பார்வையிழந்த ஓவியர் என்றதுமே நம்மிடம் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'பாவம்.' மற்றது, 'கண்ணில்லாமலே என்னமா வரஞ்சிருக்கார் பாரு!' முதலாவது அந்த உடலை மதிப்பிலிருந்து கழித்துவிடுகிறது. இரண்டாவது அந்த உடலின் உழைப்பைக் கழித்துவிடுகிறது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லின் இழிவைப் போக்க 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இழந்ததற்கு ஈடாக ஒரு திறனைக் காட்டு என்கிற கோரிக்கையும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. காட்ட முடியாதவன் எங்கே போவான்? இந்தக் கேள்வியோடுதான் பினோத் பிஹாரி முகர்ஜியை (1904–1980) வாசிக்க விரும்புகிறேன்.

2

கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தவர். ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. ஒழுங்கான பள்ளிப்படிப்பு அதனால் கைகூடவில்லை. சாந்திநிகேதனில் 1919இல் கலாபவனம் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு எப்படி என்று ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கியதாகவும், அக்கறையோடு உட்கார்ந்து வேலை செய்கிறவனைத் தடுக்க வேண்டாம் என்று தாகூர் சொன்னதாகவும் சொல்வார்கள். 1925 முதல் அங்கேயே ஆசிரியர். 1937–38இல் ஜப்பான் போய்வந்தார்.

அவர் வரைந்த பீர்பூம் நிலம் எனக்கு அந்நியமாகப்படவில்லை. செம்மண், மழைநீர் அறுத்த 'கொவாய்' ஓடைகள், வெட்டவெளி, நடுவே பனை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் மண் கரிசலாகக் கறுக்கும். மற்றபடி அதே வெட்டவெளி, அதே பனை. வறண்ட நிலத்தில் கண்ணை இழுத்துப்பிடிக்கும் காட்சி எதுவும் இருப்பதில்லை. நடந்து நடந்துதான் நிலம் பிடிபடும். அவருடைய நீண்ட சுருள் ஓவியங்களும் அப்படி நடந்து பார்க்க வேண்டியவை.

3

அவருடைய உச்சமான படைப்பு ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் 1946–47இல் தீட்டிய, இடைக்கால பக்தர்களின் வாழ்வைச் சொல்லும் சுவரோவியம். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லாரும் வருகிறார்கள். சென்னையில் படித்து அங்கே மாணவராகப் போயிருந்த கே.ஜி. சுப்ரமணியனும் உதவியாளர்களில் ஒருவர். ஈரச் சாந்து காய்வதற்குள் அன்றைய பகுதியை முடித்தாக வேண்டும். முழு அளவு மாதிரிப்படம் ஒன்றைச் சுவரில் ஒற்றியெடுக்கும் வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை. சிறு வரைவுகளிலிருந்து நேரே சுவருக்குப் போனார்.

விலகி நின்று முழுச்சுவரையும் ஒரே பார்வையில் அடக்கும் கண் அவருக்கு இல்லை. அந்த ஆளுகிற பார்வை இல்லாததால்தான் அந்தச் சுவருக்கு மையம் இல்லை என்பது என் வாசிப்பு. மனிதர்கள் ஆற்றோட்டம்போல ஒருவரிலிருந்து ஒருவராகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இங்கே ஊனத்தை 'வென்ற' கதை எதுவும் இல்லை. ஊனம் ஒரு கட்டமைப்பு முறையாகவே வேலை செய்திருக்கிறது.

4

1949இல் நேபாள அரசு அருங்காட்சியகத்துக்குப் போனார். பிறகு பனஸ்தலி, முசௌரி. 1956–57 வாக்கில் கண்புரை அறுவைச் சிகிச்சை தோற்று, இருந்த பார்வையும் போனது. 1958இல் கலாபவனம் திரும்பிக் கலை வரலாறு கற்பித்தார். மெழுகில் உருவம் பிடித்தார், காகிதத்தை வெட்டி ஒட்டினார், கோட்டோவியம் வரைந்தார். 1972இல் காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் அமைத்து, அவற்றை ஓடுகளுக்கு மாற்றிக் கலாபவனச் சுவரில் பதிக்கச் செய்தார்.

அதே 1972இல் அவருடைய மாணவர் சத்யஜித் ராய் ஒரு குறும்படம் எடுத்தார். பெயர் 'தி இன்னர் ஐ' — அகக்கண். தலைப்பு ஒன்றைச் சொல்ல, படம் வேறொன்றைக் காட்டுகிறது. படத்தில் நாம் பார்ப்பது விரல்களை. விளிம்பைத் தடவி, மடிப்பை அழுத்தி, அளவை உணர்ந்து நகர்கிற விரல்கள்.

'அகக்கண்' எங்கள் பகுதிக்குப் புதிய சொல் அல்ல. ரமணர் 1879இல் பிறந்த ஊர் திருச்சுழி. உள்ளே பார் என்றால் இங்கே யாருக்கும் விளங்கும். ஆனால் அருப்புக்கோட்டை நெசவுக்காரர்களின் ஊரும்கூட. கண் மங்கின பெரியவர், பாவில் இழை அறுந்ததைத் தடவியே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். 'எப்படிய்யா?' என்றால், 'எத்தனை வருசமா இதுலயே கெடக்கேன்' என்பார். அவருக்கு அகக்கண் திறந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. ஓவியனுக்கு ஞானம், நெசவாளிக்குப் பழக்கம் என்று பிரித்துத் தருவது எந்த அதிகாரம்? முகர்ஜியின் விரல்களுக்குப் பின்னால் இருப்பதும் நாற்பது வருசக் கைவேலை. கூடவே உதவியாளர்கள், ஒரு நிறுவனம், ஒரு சம்பளம்.

5

நம் கே. ராமானுஜத்தை (1940–1973) இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மனநோயோடு வாழ்ந்தவர். கே.சி.எஸ். பணிக்கரின் அரவணைப்பில் சோழமண்டலத்தில் இருந்து கனவு நகரங்களைப் பேனாவால் வரைந்தவர். முப்பத்துமூன்று வயதில் தற்கொலை. முகர்ஜியை 'ஞானி' ஆக்கிய அதே கதையாடல் ராமானுஜத்தைப் 'பித்தன்' ஆக்கியது. இரண்டு பட்டங்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: மேசையில் குனிந்து மணிக்கணக்காகக் கோடு இழுத்த மனிதனை மறைத்துவிடுகின்றன.

முகர்ஜிக்கு 1974இல் பத்மவிபூஷண் கிடைத்தது. அதைவிட முக்கியமாக, பார்வை போன பிறகும் அவருக்கு ஒரு வகுப்பறை கிடைத்தது. அற்புதங்களைக் கொண்டாடும் நாம், இன்று ஊனத்தோடு கலைக்கல்லூரி வாசலில் வந்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு அப்படியொரு இடத்தை வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. ஞானம் கேட்டு அவர்கள் வரவில்லை. வேலை செய்ய ஒரு மேசை கேட்டு வருகிறார்கள்.