பட்டா உழாது

தற்சார்புப் பண்ணை என்கிற பேச்சு இப்போது பரவலாகிவிட்டது. ஒரு ஏக்கரில் தானியம், காய்கறி, மாடு, கோழி, நாலு மரம் இருந்தால் கடைக்குப் போகாமலே ஒரு குடும்பம் வாழலாம் என்கிறார்கள். வாழலாம்தான். போளூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்துக் கொல்லைகளில் வளர்ந்த எனக்கு அதில் சந்தேகம் இல்லை. மானாவாரியில் மல்லாட்டை போட்டு, ஊடே துவரையும் காராமணியும் விட்டால் எண்ணெய்க்கும் பருப்புக்கும் ஆச்சு. கொடி மாட்டுக்கு, சாணம் கொல்லைக்கு. இந்தச் சுற்று நம்ம சனங்களுக்குப் புதுசில்லை. அவர்கள் கைதான் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தது, பிறத்தியார் கொல்லையில்.

ஆகவே முதல் கேள்வி உரம் பற்றியது அல்ல. அந்த ஒரு ஏக்கர் யாருடையது?

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டாலும் மிராசுதாரர்கள் குறுக்கே நிற்பதை அது எடுத்துச் சொன்னது. ஏன் நின்றார்கள்? அரை ஏக்கர் சொந்தமாகக் கிடைத்த படியாள், மறுநாள் விடியலில் கூப்பிட்ட குரலுக்கு வரமாட்டான். தற்சார்பு என்பதன் அசல் அர்த்தம் நம்மைவிட மிராசுதாரர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. அதன் வழியாக வந்ததுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம், மீறினால் செல்லாது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கத்தில் சொல்கிறோம். அதில் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை.

எப்படிப் போச்சு? எங்கள் சேரிப் பெரியவர்களைக் கேட்டால், "பட்டா பொட்டியில கெடந்தா பசி அடங்குமா? ஏரு வேணும், மாடு வேணும், கெணறு வேணும். அதுக்கு அவங்கிட்டதான போய் நிக்கணும்?" என்பார்கள். விதைக்கு வாங்கிய கடன் நிலத்தைத் தின்றது. கொல்லைக்குப் போகிற வழியை மறித்தால் விளைந்ததும் வீடு வந்து சேராது.

இதையேதான் அம்பேத்கர் 1918இல் சிறு நிலவுடைமை பற்றிய கட்டுரையில் பொருளாதார மொழியில் சொன்னார். நிலத்தின் அளவை மட்டும் வைத்துச் சிறிது, பெரிது என்று சொல்ல முடியாது. அதில் போடும் உழைப்பும் மூலதனமும் கருவிகளும் எவ்வளவு என்பதே கணக்கு. 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' நூலில் இன்னும் மேலே போனார். விவசாயம் அரசுத் தொழிலாகி, கூட்டுப் பண்ணைகள் அமைய வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும் என்றார். தனி ஆளாக ஒரு ஏக்கரோடு ஊருக்கு நடுவில் நின்று பிழைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

பஞ்சமி நில மீட்புக் கிளர்ச்சியின்போது, 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது அரசு நூறு வருஷத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்ததைத்தான்.

தோழர்களே, கிராமத்துப் பழைய பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்ற குறிப்பைத் தேடுங்கள். மீட்கும்போது நிலத்தை மட்டும் கேட்காதீர்கள். கிணறு, பாதை, மாடு, விதை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கிணற்றில் இறையுங்கள். மண்புழு உரத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.